வெள்ளம் தாங்கும் நீர்நிலைகளை வகைப்படுத்துதல்

ஐப்பசி, கார்த்திகைப் பெருமழையில் ஊரைக் காப்பது எது என்று வினவினால், எங்கள் ஏரி என்றே பெரும்பாலோர் விடையளிப்பர். அது பாதி மெய்யே. நிரம்பிய ஏரி மேலும் வரும் நீரை மிகுதியாகக் கொள்ளாது. கலங்கல் வழியே கீழே அனுப்பிவிடும். வெள்ளத்திற்கு இடமளிப்பது ஏரியிலுள்ள காலியிடமேயாகும். எனவே நீர்நிலைகளை அவற்றின் பெயரால் பிரிப்பதினும், மழைக்காலத்தில் அவை செய்யும் தொழிலால் பிரிப்பதே பஞ்சாயத்துக்குப் பயன் தரும்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 பாசன ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. அவற்றுள் மானாவாரி ஏரி பருவத் தொடக்கத்தில் பெரும்பாலும் வறண்டிருக்கும். ஆகவே முதல் மழைகளை நன்கு ஏற்கும். ஆற்றுக் கால்வாயால் நீர் பெறும் ஏரியோ முன்னரே நிரம்பியிருத்தல் கூடும். அதன் கலங்கலையும் கரையையும் புரட்டாசிக்குள் செப்பனிட வேண்டும். இருவகைக்கும் வண்டல் பகையே. ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரம் நின்ற நீர் 43,560 கன அடியாகும். 100 ஏக்கர் ஏரியில் எங்கும் 2 அடி வண்டல் படிந்தால், 87 லட்சம் கன அடிக்கு மேற்பட்ட இடம் போயிற்று என்று கொள்க.

ஏரிகள் சங்கிலியாக அமைந்தவை என்பதையும் மறத்தலாகாது. மேல் ஏரி உடையின் அதன் நீர் முழுவதும் கீழ் ஏரியின் மேல் பாயும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்தன. ஆகவே மேலூர்க் கலங்கலின் நிலையைக் கீழூரார் அறிந்திருத்தல் அவசியம்.

குட்டைகளும் ஊருணிகளும் கொள்ளளவில் சிறியன. தெருநீரைத் தேக்குவதே அவற்றின் பணி.

நாம் குறைவாக மதிப்பது சதுப்பு நிலத்தையே. கோரையும் நாணலும் நீரின் வேகத்தைத் தணிக்கின்றன. பரந்த தாழ்நிலம் வெள்ளத்தைப் பல நாள் தாங்கி மெல்ல விடுகின்றது. ஆயினும் உழவுக்கு உதவாது என்னும் காரணத்தால் முதலில் கைவிடப்படுவதும் இதுவே. சென்னைக்குத் தெற்கிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுற்றுப்புற ஏரிகள் பலவற்றின் உபரிநீரை ஏற்று, ஒக்கியம் மடுவு வழியே விடுவது. குப்பைமேடும் சாலையும் கட்டடங்களும் அதனைப் பெரிதும் சுருக்கின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதனை அடுத்த வேளச்சேரி முதலிய பகுதிகள் நீரில் மூழ்கின. 2022-இல் அது ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் இடம் பெற்றது. இழந்த பரப்போ மீளவில்லை.

எவ்வகை நீர்நிலையாயினும் வரத்துக்கால், கொள்ளிடம், போக்குக்கால் ஆகிய மூன்றையும் நேரில் கண்டு பதிவேட்டில் குறிக்க வேண்டும். போக்குக்கால் அடைபட்டிருப்பின், ஏனைய இரண்டும் நன்றாயிருப்பதே ஊருக்கு ஆபத்தாகும். அதனையே முதலில் திறக்க வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரிகள் நீர்வளத் துறையைச் சார்ந்தவை; சிறியவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன. சதுப்பு நிலத்திற்கு எல்லைக்கல் இல்லையெனில், தாலுகா நில அளவையரைக் கொண்டு கோடையிலேயே அளந்து கல் நாட்டுதல் நன்று.