சட்டமும் நிருவாகமும்: இரண்டையும் படித்த பிள்ளைகள் வேண்டும்

உயர்தரப் பரீட்சை முடிந்ததும், “பிள்ளை என்ன படிக்கட்டும்?” என்ற கேள்வி நம் வீடுகளில் எழும். வைத்தியம், பொறியியல் என்ற இரண்டு விடைகளே பெரும்பாலும் வரும். மயிலிட்டியின் அனுபவம் மூன்றாவது விடையொன்றைக் கற்பிக்கிறது.

1990 யூனில் மயிலிட்டி மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டது. 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி இவ்வறிவித்தல் அப்பகுதியில் ஒட்டப்பட வேண்டும். காணிக்காரரோ அங்கே கால்வைக்க முடியாமல் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தனர்! இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். 2017 யூலை 3இல் மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த 54 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. மற்றக் காணிகளுக்கு மக்கள் மேலும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதில் நாம் கற்கவேண்டியது என்ன? அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு ஆட்சேபனை தெரிவிக்கத் தவணை தருகிறது. 38ஆம் பிரிவோ அவசரம் என்று சொல்லிக் காணியை உடனே பொறுப்பேற்க வழிவிடுகிறது. இதை அறிவது சட்ட அறிவு. பிரதேச செயலகம், நில அளவைத் திணைக்களம், காணி அமைச்சு ஆகியவற்றில் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது, அதை நகர்த்தும் அதிகாரம் யாருக்குண்டு என்று அறிவது நிருவாக அறிவு. முன்னதை மட்டும் கற்றவர் வழக்கில் வென்றும் கந்தோர் வாசலில் காத்திருப்பார். பின்னதை மட்டும் கற்றவர் தம் அதிகாரத்தின் எல்லையை அறியாமல் கையொப்பமிடுவார்.

அமெரிக்காவில் தனித்தனியே ஐந்தாண்டு எடுக்கும் இவ்விரு பட்டங்களையும் இணைத்து நான்கு ஆண்டில் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. இங்கே அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கற்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ சட்டமாணிப் பட்டம் பெறலாம். பின்னர் நிருவாக சேவைப் பரீட்சை எழுதலாம். இலங்கை அபிவிருத்தி நிருவாக நிறுவனத்தில் முதுமாணிப் படிப்பையும் தொடரலாம்.

புனித தோமஸ் மூர் சட்டத்தரணியாகவும் இங்கிலாந்தின் உயர் அதிபதியாகவும் இருந்தவர். மனச்சாட்சியை விற்க மறுத்து 1535இல் உயிர்துறந்தார். திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2000ஆம் ஆண்டில் அவரை அரசாள்வோரின் பாதுகாவலராக அறிவித்தார். படிப்போடு மனச்சாட்சியும் வேண்டும் என்பதே அவர் வாழ்வு தரும் பாடம்.

பெற்றோரே, காணி உறுதியைப் பெட்டியில் பூட்டிக் காப்பது நல்லது. அதை வாசித்து, அயலவனுக்காகவும் வாதாடத் தெரிந்த பிள்ளையை வளர்ப்பது அதனினும் நல்லது.