கோமாரியும் சந்தை வாயிலும்

குடியானவனுக்குக் கால்நடையே நடமாடும் முதல். அம்முதலுக்கு நல்ல விலை கிடைப்பது எடையினால் மட்டுமன்று. அது நோயற்றது என்னும் நம்பிக்கையினாலும் ஆகும்.

இதற்கு நம் தேசமே சாட்சி. எருமை இறைச்சியை மிகுதியாய் ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஆயினும் கோமாரி இன்னும் நீங்காமையால், அதிக விலை கொடுக்கும் பல நாடுகள் அதனை வாங்குவதில்லை. வாங்கும் நாடுகளுக்கும் எலும்பும் நிணநீர்ச் சுரப்பிகளும் நீக்கிய இறைச்சியே அனுப்பப்படுகின்றது. அறுத்தபின் தசையில் உண்டாகும் புளிப்பு நோய்க்கிருமியைக் கொன்றுவிடும். எலும்பு மஜ்ஜையிலும் சுரப்பிகளிலும் அது பிழைத்திருக்கக் கூடும்.

நோயை ஒழிக்க இயலாதென்று சோர்வது தகாது. தலைமுறை தலைமுறையாய் மந்தைகளை மாய்த்த வெக்கை நோய், விடாது ஊசி குத்தியதன் பயனாய் ஒழிந்தது. 2006-ல் இந்தியாவும், 2011-ல் உலகம் முழுவதும் அதினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. கோமாரியை அடக்கவும் 2019-ல் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஊசி குத்துவதும், மாட்டின் காதில் 12 இலக்க வில்லை மாட்டுவதும் அதன் முறைகள்.

புதுவை நகரோடு ஒட்டிய கதிர்காமத்தில் மாடு வளர்ப்போருக்கு மருத்துவ உதவி தொலைவில் இல்லை. கால்நடை மருத்துவக் கல்லூரி அருகே குரும்பாபேட்டில் உள்ளது. அவர்கள் கைக்கொள்ள வேண்டியவை:

1. புதிதாய் வாங்கிய மாட்டை 21 நாள் தனியே கட்டுதல்.

2. ஊசி குத்தும் தவணையைத் தவறவிடாதிருத்தல்.

3. காய்ச்சல், வாயில் நுரை, நாக்கிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம், நொண்டல் ஆகியவை கண்டால் உடனே தெரிவித்தல். 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி இது மாட்டுக்காரர் கடமை.

4. நூறு பங்கு தண்ணீருக்கு நான்கு பங்கு சலவைச் சோடா கரைத்துத் தொழுவத்தைக் கழுவுதல்.

இவற்றினும் கடினமானது ஒன்றுண்டு. நோய் தோன்றியதும், மாடு மெலியுமுன் சந்தைக்கு ஓட்டிவிட மனம் ஏவும். அந்த ஒரு மாட்டின் எச்சிலே தண்ணீர்த் தொட்டியிலும் வண்டியிலும் கயிற்றிலும் ஒட்டி நூறு மாடுகளைச் சேரும். பின்பு அவ்வட்டாரத்தில் சந்தையே நிறுத்தப்படலாம். நோயில்லாத மாடுடையவனும் விற்க வழியின்றி நிற்பான். ஒருவன் தன் நஷ்டத்தை மறைத்தால் ஊரார் அனைவரும் அதனைச் சுமக்க நேரிடும். ஆதலால் நோயுற்ற மாட்டைத் தொழுவத்திலேயே நிறுத்துபவன் அயலான் முதலையும் தன் முதலையும் ஒருங்கே காக்கிறான். கூட்டுறவு என்பது கடன் கொடுப்பதிலும் பால் அளப்பதிலும் மட்டும் அடங்குவதன்று, இதுவும் கூட்டுறவே.