வகுப்பறைக்குள் வந்த விதை

நுழையும்முன்

சோற்றை உண்டு வளரும் மாணவர் நெற்பயிரை ஏட்டுப் படத்தில் மட்டுமே காணும் நிலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. வேளாண்மையைப் பள்ளிக்குள் கொண்டுவர முயன்றோர் முதலில் நாடியது மாணவரை அன்று; ஆசிரியரை. அம்முயற்சிகளுள் இரண்டினை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பூசணி கற்பித்த பாடம்

1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வேளாண்மை நலிவுற்றது. சிற்றூர் மக்கள் நிலத்தைவிட்டு நகரங்களில் குவிந்தனர். நிலத்தின்மீது பற்று பிறக்க வேண்டுமெனில் அது பள்ளிப் பருவத்திலேயே பிறக்க வேண்டும் என அறிஞர் சிலர் கருதினர். மாநில அரசும் 1894இல் கார்னெல் பல்கலைக்கழகத்திற்கு நிதி ஒதுக்கியது. ஆயினும் கற்பிக்க வேண்டிய ஆசிரியர்களுக்கே செடிகொடிகளைப் பற்றிய அறிவு மிகக் குறைவாக இருந்தது. உழவரின் பிள்ளைகள் ஆசிரியரைவிட மிகுதியாக அறிந்திருந்தனர். அதனாலேயே பல ஆசிரியர்கள் அஞ்சி ஒதுங்கினர்.

அவர்களுக்காகக் கார்னெல் பேராசிரியர் லிபர்ட்டி ஹைட் பெய்லி 1896இல் முதல் சிற்றேட்டினை எழுதினார். அதன் பொருள் உழவுக் கருவியுமன்று, உரமுமன்று. பூசணி இனச் செடியொன்று விதையிலிருந்து எவ்வாறு வெளிவருகிறது என்பதேயாகும்.

பூசணி விதையை ஈரமண்ணில் படுக்கைவாட்டில் ஊன்றினால் அதன் கூர்முனையிலிருந்து முளைவேர் இறங்கும். வேரும் தண்டும் கூடுமிடத்தில், கீழ்ப்புறமாகச் சிறு ஆப்புப் போன்ற புடைப்பொன்று தோன்றும். அது விதையுறையின் கீழ்ப்பகுதியை மண்ணோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தண்டு வில்லாக வளைந்து மேலெழும்போது விதையிலைகள் உறையினின்று உருவப்பட்டு வெளிவரும். கால் விரலால் ஒரு செருப்பை மிதித்துக்கொண்டு மற்றொரு காலை அதிலிருந்து உருவுவது போன்ற செயல் இது! இதனை அறிய நிலம் வேண்டியதில்லை. உடைந்த மண்சட்டி ஒன்று போதும்.

பெய்லியோடு பணியாற்றிய அன்னா பாட்ஸ்ஃபோர்ட் காம்ஸ்டாக், ஆசிரியர்களுக்கென எழுதிய பாடங்களைத் தொகுத்து 1911இல் பெருநூலாக வெளியிட்டார். விடை தெரியாதபோது அதனை மறைக்காமல், மாணவரோடு சேர்ந்து ஆசிரியரும் தேட வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய நெறி. ஆசிரியரின் அச்சத்தைப் போக்கியதில் இந்நெறியின் பங்கு பெரிது எனலாம்.

வார்தாவில் ஒரு மாற்றம்

1937 அக்டோபரில் காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியது. அதன் முடிவுகளைப் பாடத்திட்டமாக்கும் பொறுப்பு ஜாகிர் உசேன் தலைமையிலான குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பாவும், யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் அக்குழுவில் இடம்பெற்றனர். கார்னெலில் வேளாண்மை ஒரு பாடமாக நுழைந்தது. இங்கோ கைத்தொழிலே ஏனைய பாடங்களைக் கற்பிக்கும் வாயிலாகக் கருதப்பட்டது. நாள்தோறும் 3 மணி 20 நிமிடங்கள் அதற்கென வகுக்கப்பட்டன. நூற்பு, தச்சு முதலியவற்றோடு வேளாண்மையும் அத்தொழில்களுள் ஒன்று.

இதனால் ஆசிரியர் பயிற்சியின் சுமை மிகுந்தது. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. பாத்தியிலிருந்து கணக்கையும் புவியியலையும் எடுக்கத் தெரிய வேண்டும். 3 மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் அகலமும் உடைய பாத்தியில் 60 செ.மீ. இடைவெளியில் எத்தனைக் கத்தரி நாற்றுகள் நடலாம்? ஓரங்களில் 30 செ.மீ. விட்டு நட்டால் 20. விளிம்பிலிருந்தே தொடங்கினால் 30. இரண்டும் கணக்கின்படி சரியே. விளிம்பில் நட்ட நாற்று வரப்பு கரையும்போது சாயும் என்பதைப் பாத்தி கட்டிப் பழகிய ஆசிரியரே கூற இயலும்.

பொருளீட்டும் நோக்கம் கல்வி நோக்கத்தை விழுங்கிவிடக்கூடும் என்பதையும் அக்குழு உணர்ந்து எச்சரித்தது. விளைச்சலைப் பெருக்க மாணவர் களைபறித்துக்கொண்டே இருந்தால் அது வேலையாகுமே தவிரப் பாடமாகாது. எந்த இடத்தில் வேலையை நிறுத்தி வினாவை எழுப்ப வேண்டும் என்பதே பயிற்சியில் கற்பிக்க அரிதான பகுதி. ஏட்டுப் பயிற்சியால் மட்டும் அது கைவருவதில்லை.

கற்பவை கற்றபின்

மூன்று பூசணி விதைகளை எடுத்து ஒன்றைப் படுக்கைவாட்டிலும், ஒன்றைக் கூர்முனை கீழாகவும், மற்றொன்றைக் கூர்முனை மேலாகவும் ஒரே ஆழத்தில் ஊன்றுக. எந்த நாற்று விதையுறையைத் தலையில் சுமந்தவாறு வெளிவருகிறது என நாள்தோறும் படம் வரைந்து குறித்து, வகுப்பில் கலந்துரையாடுக.