வண்டியைச் சூடாக்காமல் காட்டுங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் விடியலுக்கு முன்பே விழித்துக்கொள்ளும். ஆண்டாள் கோயிலுக்குக் கிளம்பும் கார்கள் இருட்டிலேயே தெருக்களில் உறுமத் தொடங்கும். பக்கத்து ராஜபாளையத்தில் மில் ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் அதே நேரத்தில்தான் சாவியைத் திருப்புவார்கள். இரண்டு ஊர்ப் பட்டறைகளுக்கும் ஒரே மாதிரிப் புகார் வரிசையாக வருகிற மாதம் அது. "எடுத்ததும் குலுங்குதுண்ணே. மிஸ்ஸிங் அடிக்குது, இழுவையே இல்ல. மடவார்வளாகம் தாண்டுனா தானா சரியாயிருது."

பழியைப் பனி மேல் போட்டுவிடுவது சுலபம். ஆனால் இந்த ஊர்களில் மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரிக்கு மிகவும் கீழே இறங்குவது அரிது. எஞ்சின் வேலை செய்ய வேண்டிய வெப்பமோ 90 டிகிரியை ஒட்டியது. அதன் கணக்கில் 20 டிகிரியும் குளிர்தான், சித்திரை மாதத்து 30 டிகிரியும் குளிர்தான். இரவு முழுக்க நின்ற எந்த வண்டியும் காலையில் குளிர்ந்த எஞ்சினோடுதான் கிளம்புகிறது. மார்கழி ஈரம், ஏற்கெனவே இருக்கிற கோளாறை வெளியே காட்டிக்கொடுக்கிறது.

கோளாறு பிடிபடாமல் போவதற்கு முதல் காரணம், வண்டி பட்டறைக்குப் போய்ச் சேரும் விதம். பத்து கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் எஞ்சின் சூடாகி, சத்தமில்லாமல் ஓடும். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார், ஒன்றும் தெரியாது. அதன்பின் ஊகம்தான்: பிளக்கை மாற்று, ஃபில்டரை மாற்று, இன்ஜெக்டரைச் சுத்தம் செய். பட்டறைகளில் நின்று நான் பார்த்தவரை, குளிர்ந்த எஞ்சின் கோளாறில் வீணாகும் பணத்தில் பெரும்பங்கு இப்படித்தான் போகிறது. வண்டியை முந்தின நாள் சாயங்காலமே பட்டறையில் விட்டுவிட்டு, "காலையில நீங்களே முதல்ல ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வருவதுதான் இதற்கு வழி.

அப்படி ஓர் இரவு நிறுத்திவைத்ததால் பிடிபட்ட கோளாறு ஒன்று. ராஜபாளையத்தில் ஒரு மூன்று சிலிண்டர் காருக்கு பிளக், பெட்ரோல் ஃபில்டர் இரண்டும் புதிதாகப் போட்டும் காலைக் குலுக்கல் நிற்கவில்லை. காலையில் எஞ்சினை எடுக்கும் முன்பே மெக்கானிக் ஸ்கேனரைச் செருகி இரண்டு எண்களை மட்டும் பார்த்தார். உள்ளே வரும் காற்றின் வெப்பம் 23 டிகிரி. கூலன்ட் வெப்பம் 70 டிகிரி! இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் சென்சார் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அதை மாற்றியதும் குலுக்கல் போனது.

சின்ன சென்சார் இவ்வளவு ஆட்டிவைப்பது ஏன்? குளிர்ந்த உலோகத்தில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது; சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். எரிய வேண்டிய அளவு கிடைக்க, கூடுதலாக ஊற்றித்தான் ஆக வேண்டும். 1983-ல் வந்த மாருதி 800-ல் இதற்காகத்தான் சோக் இருந்தது. எப்போது இழுப்பது, எப்போது தள்ளுவது என்பது ஓட்டுகிறவர் கையில். இப்போது அந்த முடிவைக் கம்ப்யூட்டர் எடுக்கிறது. எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜன் சென்சார் நன்றாகச் சூடேறும்வரை வேலை செய்யாது. அதுவரை கம்ப்யூட்டர் பெரிதும் நம்பியிருப்பது கூலன்ட் சென்சாரைத்தான். எஞ்சின் சூடாக இருப்பதாகச் சொன்னால் பெட்ரோல் குறைந்து வண்டி முக்கும், திணறும். எப்போதும் குளிராக இருப்பதாகச் சொன்னால் பெட்ரோல் கூடி, கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வரும்.

ஸ்கேனர் இல்லாவிட்டால் மல்டிமீட்டர் போதும். பெரும்பாலான வண்டிகளில் இந்த சென்சாரின் மின்தடை 20 டிகிரியில் இரண்டாயிரம் ஓமுக்கு மேல் இருக்கும். 80 டிகிரியில் முந்நூறு ஓமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இடையில் எங்கும் தாவாமல் சீராக இறங்க வேண்டும்.

சென்சார் சரியாக இருந்தால், அடுத்தது எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பது. ஐட்லிங்கில் இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். கழற்றியும் ஓட்டத்தில் மாற்றமே தெரியாத சிலிண்டர்தான் குற்றவாளி. பழைய பழக்கத்தில் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்ப்பது கைக்கும் ஆபத்து, காயிலுக்கும் ஆபத்து. மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று படுத்தால் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். "இழுவையே இல்ல" என்பதற்கு அதுவே போதும். குற்றவாளியின் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் காயில்தான். மயிரிழை வெடிப்பு விழுந்த காயில் ஈரக் காற்றில் மின்சாரத்தைக் கசியவிடும். எஞ்சின் சூட்டில் உலர்ந்ததும் ஒழுங்காகிவிடும்.

காயில் மாறியும் மிஸ்ஸிங் அதே சிலிண்டரில் நின்றால் கூலன்ட் அளவைக் கவனியுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும். வெளியே சொட்டே இல்லாமல் அளவு குறைந்துகொண்டே வந்து, காலையில் முதல் ஒரு நிமிடம் மட்டும் குலுங்கி, இனிப்பு வாடையோடு வெண்புகை வந்தால், ஹெட் கேஸ்கெட் வழியாக இரவில் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் செலவு பல மடங்காகும். புகைக்குழாயில் சொட்டும் வெறும் தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் பிறப்பது இயல்பு.

தென் மாவட்டங்களில் வேரூன்றிய ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் கூலன்ட் முதல் நொடியிலிருந்தே ரேடியேட்டருக்குள் சுற்றும். எஞ்சின் சூடேறவே நெடுநேரம் ஆகும். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய குளிர் ஓட்டம் அரை மணி நீளும், பெட்ரோல் செலவு கூடும், கார்பன் படியும். எஞ்சின் அதிகம் சூடானால் ஃபேனையும் ரேடியேட்டரையும் சோதிக்க வேண்டும். தெர்மோஸ்டாட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

கேஸ் போட்ட வண்டிகளில் சோதனை இன்னும் எளிது. அவை பொதுவாக பெட்ரோலில் எடுத்து, சூடானதும் கேஸுக்கு மாறும். பெட்ரோலில் மட்டும் திணறினால், மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோலையும் அடைபட்ட இன்ஜெக்டரையும் பாருங்கள். டீசல் வண்டியில் எடுத்ததும் வெண்புகையும் தடதடப்பும் வந்தால் க்ளோ பிளக். ஒன்றிரண்டு செத்திருந்தாலும் நம் ஊர் வெப்பத்தில் வண்டி எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிடுவதால் பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

இப்போது எல்லாக் கோளாறுக்கும் எத்தனாலைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. 2023 பிப்ரவரியில் அறிமுகமான, எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இன்று பெட்ரோல் பங்க்குகளில் பரவலாக வருகிறது. ஆவியாவதற்கு எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட இரண்டரை மடங்கு வெப்பம் வேண்டும், ஈரத்தையும் அது இழுக்கும்; அதனால் குளிர் எஞ்சினில் சிறு தயக்கம் வரலாம். நல்ல நிலையில் உள்ள வண்டியை ஒரு சிலிண்டர் நின்றதுபோல் அது குலுக்காது. அந்த அளவுக்குக் குலுங்கினால் வேறு கோளாறு இருக்கிறது.

செங்கோட்டை வழியாகப் புளியரை மலைப்பாதை ஏறி கேரளம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காலைக் குலுக்கல் தென்காசி போவதற்குள் மறைந்துவிடும், தைரியம் வந்துவிடும். ஆனால் எஞ்சின் விளக்கு எரிந்தபடி நிற்காமல் விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து உள்கூட்டையே உருக்கிவிடும். அந்த விளக்கு மின்னினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்தி, மெக்கானிக்குக்கு போன் செய்யுங்கள், மலை ஏறாதீர்கள்.