தாத்தா பாட்டிமார் பள்ளிக்கு வந்தால் என்ன செலவாகும்?

கம்பத்திலும் போடியிலும் காலையிலேயே ஜீப்புகள் ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பிவிடும். அப்பா அம்மா மலையேறிய வீடுகளில் பிள்ளைக்குத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்புவது அப்பத்தாவோ தாத்தாவோதான். அவர்களே வாரம் இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டால், கதை சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் தன்னார்வலர்தானே, செலவில்லை என்று நினைத்து ஆரம்பித்தால் மூன்றாம் மாதமே ஆள் குறையும். முதலில் கணக்குப் போடுங்கள்.

1. தலைமை ஆசிரியரிடம் பேசி, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். யாரும் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, ஆசிரியர் கண்பார்வையில்தான் எல்லாம் என்று அதிலேயே எழுதிவிடுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

2. எட்டுப் பேரோடு தொடங்குங்கள். ஆளுக்கு வாரம் இரண்டு நாள், இரண்டு மணி நேரம். மாதம் 64 வருகை.

3. ஆரம்பச் செலவை ஒதுக்குங்கள். தொடக்கப் பள்ளியில் பெரியவர்கள் உட்கார இடம் இருக்காது. தரையில் உட்கார்ந்து எழ முடியாத ஓர் அம்மாச்சி, காரணம் சொல்லாமலே வராமல் நின்றுவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். எட்டு நாற்காலிக்கு 4,000 ரூபாய், வாசிப்புக் கண்ணாடிக்கு 1,200, கதைப் புத்தகம், நோட்டுக்கு 800. மொத்தம் 6,000. இவை தோராய விலைதான். உங்கள் ஊர்க் கடையில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

4. மாதச் செலவு. டீ, வடைக்கு வருகைக்கு 25 வீதம் 1,600. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆகவே எட்டுப் பேரில் நால்வர் தாத்தாக்கள் என்றால், அவர்களுக்கு மட்டும் வருகைக்குப் போக வர 20 ரூபாய், மாதம் 640. போன், ஜெராக்ஸுக்கு 300. சத்துணவிலும் காலை உணவிலும் கை வைக்காதீர்கள். அது பிள்ளைகளின் கணக்கு.

5. பொறுப்பாளர். எல்லாரும் மறப்பது இதைத்தான். நேற்று வராதவருக்குப் போன் போட, எந்த வகுப்புக்கு யார் என்று அட்டவணை எழுத, மனத்தாங்கலைத் தீர்க்க ஓர் ஆள் வேண்டும். ஏற்கெனவே சுமை தாங்கும் ஆசிரியர் தலையில் இதையும் கட்டுவது நியாயமில்லை. ஊரிலேயே படித்த ஒரு பெண்ணுக்கு மாதம் 2,000 கொடுங்கள். இப்படித் தொகை கொடுப்பது புதிதல்ல. தமிழக அரசு 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திலும் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. அமெரிக்காவின் பால்டிமோரில் 60 வயதைத் தாண்டியவர்கள் வாரம் 15 மணி நேரம் பள்ளியில் உதவிய ‘எக்ஸ்பீரியன்ஸ் கோர்’ திட்டமும் அவர்கள் கைச்செலவுக்கு ஒரு தொகை தந்தது.

6. கூட்டிப் பாருங்கள். மாதம் 4,540, பத்து மாதத்துக்கு 45,400, ஆரம்பச் செலவோடு 51,400 ரூபாய். கிடைப்பது 1,280 மணி நேரம். மணிக்குச் சுமார் 40 ரூபாய். பாதிப் பேர்தான் வந்தார்கள் என்றால்? டீயும் பஸ்ஸும் பாதியாகும். பொறுப்பாளர் தொகை குறையாது. மணிக்கு 63 ரூபாய் ஆகிவிடும். வந்தவர்களைத் தக்கவைப்பதே பெரிய சிக்கனம் என்று சொல்வது இதனால்தான்.

7. பணம். முன்னாள் மாணவர்கள், விவசாயிகள், ஊர்க் கடைக்காரர்களிடம் மாதம் இவ்வளவு என்று கேளுங்கள். பொருளாகத் தருகிறவர்களுக்கு நாற்காலியும் கண்ணாடியும் எளிது. ரசீது கொடுத்து, வரவு செலவை மாதாமாதம் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசியுங்கள்.

பஸ் காசை மட்டும் அன்றன்றே கையில் கொடுத்துவிடுங்கள். சேர்த்துத் தருகிறோம் என்றால் எந்தத் தாத்தாவும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்.