கூண்டுப் பறவையும் கிளிக் காய்ச்சலும்

சென்ற வருடம் வாப்பா தம்பிக்கு இரண்டு லவ் பேர்ட்ஸ் வாங்கித் தந்தார். கூண்டைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. காய்ந்த எச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டுவேன், தூசு பறக்கும். தம்பியோ பறவையின் சொண்டில் முத்தமிடுவான்.

ஒருநாள் உம்மாவுக்குக் காய்ச்சலும் வறட்டு இருமலும் கண்டது. மருந்தெடுக்கப் போனபோது வைத்தியர், "வீட்டில் பறவை வளர்க்கிறீர்களா?" என்று கேட்டார். உம்மாவுக்கு வந்தது சாதாரணத் தடிமன்தான். ஆனாலும் அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட, விஞ்ஞான ஆசிரியையிடம் விசாரித்தேன். நூலகத்திலும் தேடி வாசித்தேன்.

கிளி இனப் பறவைகளில் 'கிளமிடியா சிட்டாசி' எனும் பற்றீரியா இருக்கலாம். தொற்றிய பறவை சிலவேளை இறகை உப்பிக்கொண்டு, தீன் தின்னாமல் சோர்ந்திருக்கும். சிலவேளை எந்த அறிகுறியும் தெரியாது. அதன் எச்சம் காய்ந்து தூசாகும். அதைச் சுவாசித்தால் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் காய்ச்சல், தலைவலி, தசைநோவு, வறட்டு இருமல் தோன்றும், நியூமோனியாவும் ஏற்படலாம். 1929, 1930 ஆம் ஆண்டுகளில் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட கிளிகளால் இந்நோய் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிப் பலர் இறந்தனர். இன்று டொக்சிசைக்கிளின் போன்ற மருந்துகளால் குணப்படுத்தலாம். ஆனால், பறவை வளர்ப்பதை நாம் சொல்லாவிட்டால் வைத்தியர் சாதாரணக் காய்ச்சல் என்றே எண்ணக்கூடும்.

இப்போது எச்சத்தின் மீது தண்ணீர் தெளித்து நனைத்த பின்பே, முகக்கவசம் அணிந்து அகற்றுகிறேன். பிறகு சவர்க்காரமிட்டுக் கை கழுவுகிறேன். தம்பியும் முத்தமிடுவதை விட்டுவிட்டான். வாயில்லா ஜீவனைக் கூண்டில் அடைத்தவர்கள் நாம். அதன் சுத்தமும் சுகமும் நம் பொறுப்பே.