கியர் ஆயில் மாற்றலாம்

நாமக்கல்லில் இருந்து ஒரு லாரி டெல்லிக்கு வந்தது. ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றி வந்தது. 2,000 கிலோமீட்டருக்கும் மேலான பயணம் அது.

டெல்லியின் வடமேற்கே சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர் இருக்கிறது. பல மாநில லாரிகள் அங்கே வந்து நிற்கும். பட்டறைகளும் உதிரிபாகக் கடைகளும் அங்கே ஏராளம்.

மூட்டைகளை இறக்கியாயிற்று. திரும்பும் லோடுக்காக லாரி காத்து நின்றது.

லாரி டிரைவருக்கே சொந்தம். வாங்கிய கடனில் பாதிதான் அடைந்திருக்கிறது. வரும் வழியில் கியர் சரியாக விழவில்லை. அது அவருக்குக் கவலையாக இருந்தது.

"கியர் ஆயில் மாத்தி ரொம்ப நாளாச்சு தம்பி. இங்கேயே நாமே மாத்திடலாம்" என்றார்.

கிளீனர் தம்பி தலையாட்டினான்.

கியர் ஆயில் என்ன செய்கிறது?

கியர் பெட்டிக்குள் இரும்புப் பல் சக்கரங்கள் சுற்றுகின்றன. ஒன்றோடு ஒன்று உரசுகின்றன. உரசினால் சூடு வரும். தேய்மானமும் வரும். ஆயில் இரண்டையும் குறைக்கிறது. நாளாக ஆக ஆயில் கெட்டுப் போகும். இரும்புத் தூளும் அதில் சேரும். அப்போது அதை மாற்ற வேண்டும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

4-ஆ? 5-ஆ?

இருவரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒரு டின்னை எடுத்து வைத்தார். டிரைவர் பணத்தை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றான் தம்பி.

அவன் எழுதப் படிக்கக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. ஆங்கில எழுத்து அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் எண்கள் நன்றாகத் தெரியும். கையேட்டைப் பிரித்தான். டின்னைத் திருப்பினான்.

"புத்தகத்தில் ஜி.எல். 4 என்று இருக்கிறது. டின்னில் ஜி.எல். 5 என்று போட்டிருக்கிறதே?"

"எல்லாம் ஒன்றுதான்" என்று கடைக்காரர் இந்தியில் சொன்னார்.

டிரைவர் யோசித்தார். 5 என்பது பின்னால் இருக்கும் கிரவுனுக்கு ஊற்றுவது. கியர் பெட்டிக்குள் பித்தளை வளையங்கள் இருக்கும். கியர் சுலபமாக விழ அவை உதவுகின்றன. ஜி.எல். 5 ஆயிலில் உள்ள சில மருந்துகள் நாளடைவில் அந்தப் பித்தளையை அரிக்கக்கூடும்.

"வேண்டாம். 4 கொடுங்கள்" என்றார்.

டின்னில் 80, 90 என்ற எண்களும் இருந்தன. அவை ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்கின்றன. அவையும் கையேட்டோடு பொருந்த வேண்டும். தம்பி அதையும் பார்த்துவிட்டான்.

வேலை தொடங்கியது

முதலில் லாரியைக் கொஞ்ச தூரம் ஓட்டினார்கள். இளஞ்சூடான ஆயில் நன்றாக வடியும். கொதிக்கும் ஆயில் கையைச் சுட்டுவிடும்.

பிறகு சமதரையில் நிறுத்தினார்கள். எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டார்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார்கள். சாவியை டிரைவர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஜாக்கி போட்டுத் தூக்கட்டுமாண்ணே?"

"கூடாது தம்பி. ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் படுக்கக் கூடாது. ஜாக்கி நழுவினால் உயிரே போய்விடும். லாரி உயரமானது. அப்படியே உள்ளே போகலாம்."

கியர் பெட்டியில் இரண்டு போல்ட்டுகள் உண்டு. பக்கத்தில் இருப்பது ஆயில் ஊற்றும் போல்ட். அடியில் இருப்பது ஆயில் வடிக்கும் போல்ட். இரண்டையும் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தார்கள்.

தம்பி அடி போல்ட்டில் ஸ்பேனரை வைத்தான்.

"முதலில் மேல் போல்ட்டைத் திற" என்றார் டிரைவர். "பழைய ஆயிலை வடித்த பிறகு மேல் போல்ட் திறக்காவிட்டால் என்ன செய்வாய்? புது ஆயிலை ஊற்ற முடியாது. வண்டியும் நகராது."

மேல் போல்ட் திறந்தது. பிறகு அடி போல்ட்டைக் கழற்றினார்கள். கறுத்த ஆயில் தட்டில் வடிந்தது.

அடி போல்ட்டில் காந்தம் இருந்தது. அதில் மாவு போன்ற சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருந்தது.

"இது வழக்கமான தேய்மானம்தான். பல் துண்டு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது" என்றார் டிரைவர்.

காந்தத்தைத் துடைத்தார்கள். புது வாசர் போட்டு அடி போல்ட்டை முடுக்கினார்கள். மேல் துளை வழியாக ஆயில் ஊற்றினார்கள். துளை விளிம்பில் ஆயில் எட்டிப் பார்த்ததும் நிறுத்தினார்கள். குறைந்தால் பல் சக்கரம் காயும். கூடினால் ஆயில் கசியும்.

மேல் போல்ட்டையும் முடுக்கி, லாரியை ஓட்டிப் பார்த்தார்கள். கியர் முன்பைவிட லேசாக விழுந்தது. அடியில் கசிவு இல்லை.

ஆட்டோமேட்டிக் கியர் என்றால்?

சில வண்டிகளில் கியர் தானாகவே மாறும். அவற்றுக்குத் தனி ஆயில் உண்டு. பெரும்பாலும் அது சிவப்பாக இருக்கும். இதில் ஆயிலோடு ஃபில்டரும் உண்டு. பல வண்டிகளில் அடித்தட்டைக் கழற்றினால் ஃபில்டர் தெரியும். அது அடைத்துக்கொண்டால் ஆயில் சரியாகப் போகாது. கியர் வழுக்கும்.

தட்டைக் கழற்றினாலும் எல்லா ஆயிலும் வடியாது. ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். ஆகவே வடிந்ததை அளந்து, அதே அளவு புது ஆயிலை ஊற்ற வேண்டும். பிறகு கையேட்டில் சொன்னபடி அளவு பார்க்க வேண்டும்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

தம்பி தட்டைத் தூக்கிக்கொண்டு சாக்கடைப் பக்கம் நடந்தான்.

"நில் தம்பி! டெல்லி சாக்கடை நீர் யமுனையில் போய்ச் சேருகிறது. அந்தத் தண்ணீரை நம்பி எத்தனையோ பேர் இருக்கிறார்கள்."

பழைய ஆயிலை மண்ணில் கொட்டக் கூடாது. எரிக்கவும் கூடாது. அது ஆபத்தான கழிவு என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கே அது போக வேண்டும். பழைய ஆயிலை அங்கே அனுப்பும் பட்டறை ஒன்று பக்கத்தில் இருந்தது. தம்பி ஆயிலை டின்னில் ஊற்றி மூடி, அங்கே கொடுத்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான்.

பிறகு நோட்டை எடுத்தான். தேதியை எழுதினான். கிலோமீட்டரை எழுதினான். கீழே "கியர் ஆயில், ஜி.எல். 4" என்று எழுதினான்.

டிரைவர் அதை வாங்கிப் பார்த்தார்.

"இனி இந்த நோட்டு உன் பொறுப்பு" என்றார்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. மேல் போல்ட்டை ஏன் முதலில் திறக்க வேண்டும்?
2. ஜாக்கியை மட்டும் நம்பினால் என்ன ஆகும்?
3. காந்தத்தில் பல் துண்டு இருந்தால் என்ன செய்ய வேண்டும்?
4. உங்கள் ஊர்ப் பட்டறைகளில் பழைய ஆயில் எங்கே போகிறது? விசாரித்து எழுதுங்கள்.